கெட்ட ரத்தம் என்று விட்டுவிடாதீர்கள்

பேறுகாலம் முடிந்த வீடுகளில் எங்கள் மதுரைப் பக்கம் வழக்கமாகக் காதில் விழும் பேச்சு இது: "கெட்ட ரத்தந்தாண்டி, போனா நல்லதுதான்." உசிலம்பட்டிப் பக்கம் என் சித்தி மகளிடமும் அம்மாச்சி அப்படித்தான் சொன்னார். பிள்ளை பெற்ற எட்டாம் நாள் ராத்திரி, பத்து மணிக்கு மாற்றிய நாப்கின் பதினொன்றுக்குள் நனைந்து, பாய் வரை ஈரம். எழுந்து உட்கார்ந்தவளுக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் 108-ஐக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குப் பின்னால் விழ வேண்டிய நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கியிருந்ததாம்.

பிரசவத்துக்குப் பிறகு உதிரம் போவது இயல்புதான். முதல் மூன்று நான்கு நாள் சிவப்பு, பிறகு பழுப்பு, கடைசியில் வெளிறிய நிறம். ஆறு வாரம்கூட இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, வெளிறிய பிறகு மறுபடி சிவப்பாக நிறையப் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அளவைக் கண்ணால் மதிப்பிடுவதும் தவறு. சுகப்பிரசவத்தில் 500 மில்லி தாண்டினால் அதிகம் என்பது வழக்கமான கணக்கு. அதாவது அரை லிட்டர் பால் பாக்கெட். துணியில் ஊறிவிட்டால் அதில் பாதிபோலத்தான் தெரியும். ரத்தசோகை உள்ளவளுக்கு அதைவிடக் குறைவாகப் போனாலே ஆபத்து. அதற்குத்தான் கர்ப்பத்திலேயே இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். நம் ஆட்கள் அதை டீயோடு விழுங்குகிறார்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

பிரசவமான கையோடு ரத்தம் கொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் கர்ப்பப்பை சுருங்காததுதான். நஞ்சு பிரிந்த இடத்து ரத்தக்குழாய்களை அந்தத் தசைதான் நெரித்து மூட வேண்டும். நர்ஸ் அடிவயிற்றை அழுத்தித் தேய்ப்பதும், ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும் அதைச் சுருங்க வைக்கத்தான். "ஏம்மா இப்படி அமுக்குறீங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். சிறுநீரை அடக்கவும் விடாதீர்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது. ரத்தம் நிற்க உதவும் டிரானெக்சாமிக் அமிலம் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மருந்து. வீட்டில் கை வைத்தியம் பார்க்கும் நேரம் அதில் கழிகிறது.

கர்ப்ப காலத்தில் செய்வது இன்னொரு தவறு: வலியில்லை, அதனால் பயமில்லை என்பது. கடைசி மாதங்களில் வலியில்லாமல் பளிச்சென்று சிவப்பாகப் போனால் நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்துக் கிடக்கலாம். ஸ்கேன் பார்க்கும் முன் யாரும் உள்ளே கைவிட்டுச் சோதிக்கக்கூடாது. வயிறு கல்லாக இறுகி வலித்தால் நஞ்சு முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். அப்போது ரத்தம் உள்ளேயே தேங்கி, வெளியே கொஞ்சம்தான் வரும். நாள் தள்ளிப்போன சில வாரங்களில் ஒரு பக்க அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்தால் கரு கர்ப்பப்பைக்கு வராமல் வழியில் உள்ள குழாயிலேயே தங்கியிருக்கலாம். தாய்க்கு நெகட்டிவ் குரூப் என்றால், எந்த மாதத்தில் ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தாயின் உடம்பு பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது.

கிளம்பும்போது செக்கப் அட்டையையும், ரத்தம் கொடுக்க இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். நனைந்த துணிகளை ஒரு பையில் கட்டி எடுத்துப்போங்கள், எவ்வளவு போயிருக்கிறது என்று டாக்டர் கேட்பார். எங்கள் வீட்டில் அம்மாச்சி அதையெல்லாம் அலசிக் கொடியில் போட்டிருந்தார்.