கழிவறைக் குழாய்: பதிக்கும்போதே திறக்க வழி விடுங்கள்

கழிவறைக் குழாய் அடைத்துக்கொள்ளும் நாளில்தான், அதைத் திறக்க வழியே விடவில்லை என்பது பல வீடுகளில் தெரியவருகிறது. ஆகவே எங்கெங்கே திறப்பு வேண்டும் என்பதைக் குழாய் பதிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மலக்கழிவுக்கு 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (மலக்கழிவு, கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாயில் 'பி' வகையையே வாங்குங்கள். 'ஏ' வகை காற்றுக்குழாய்க்கும் மழைநீருக்கும் உரியது. மீட்டருக்கு ஏறத்தாழ 2 செ.மீ. சரிவு இருக்கட்டும். ரப்பர் வளைய இணைப்பில், குழாயை முட்டும்வரை செருகிப் பின் 10 மி.மீ. வெளியே இழுத்துவிட்டால், வெயிலில் அது நீள இடம் கிடைக்கும்.

படுக்கைக் குழாய் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி வளைவைவிட இரண்டு 45 டிகிரி வளைவுகளே நல்லவை. ஒவ்வொரு மாடியின் இணைப்பிலும், செங்குத்துக் குழாயின் அடியிலும் கதவு (திருகைக் கழற்றித் திறக்கும் மூடி) வைத்த டீ (T வடிவ இணைப்பு), பெண்டு (வளைவு) ஆகியவற்றைப் பொருத்துங்கள். அந்தக் கதவு சுவரைப் பார்த்து நின்றாலோ, பூச்சுக்குள் மறைந்துபோனாலோ அது இருந்தும் பயனில்லை. திருப்புளியும் அடைப்பெடுக்கும் கம்பியும் தாராளமாக நுழையும் இடைவெளி அவசியம் வேண்டும். தரைக்கடியில் குழாய் திரும்பும் இடங்களில் சேம்பர் (திறந்து பார்க்கும் தொட்டி) கட்டி, அதன் மூடியை டைல்ஸுக்கு அடியில் புதைக்காமல் விடுங்கள்.

குழாயைப் பூச்சாலோ மண்ணாலோ மூடுவதற்கு முன் அதன் கீழ்முனையை அடைத்து, நீர் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பையும் கசிவுக்காகப் பாருங்கள். பிறகு, குழாய் எங்கே போகிறது என்பது பின்னால் தெரிய, அளவுநாடா தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அடைப்பெடுக்கும்போது மேலே கழிவு நிரம்பி நிற்கலாம் என்பதால், கதவின் திருகுகளைச் சிறிது சிறிதாகவே தளர்த்த வேண்டும்.