இறங்கும் நேரத்தில் கேட்காமல் போகும் குரல்

ஆடிக் காற்றில் குலுங்கிக்கொண்டே ஏடிஆர் என்ற சின்ன விமானம் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் இறங்கினால், திருநெல்வேலிக்காரர்கள் நாம் காற்றைத்தான் திட்டுவோம். காற்றாவது கருவியில் தெரியும், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தும் சொல்லிவிடுவார்கள். ரேடியோ நன்றாக இருக்கும்போதே அதில் வந்த சொல் விமானியின் மனதில் ஏறாமல் போவதுதான் ஏமாற்றுகிற ஆபத்து. கண்ணும் கையும் ஒரே வேலையில் குவிந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். அனுபவம் இருந்தால் இது நடக்காது என்று நினைப்பதே தப்பு.

விமானிப் பயிற்சிக்குப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் விட வேண்டியது, ‘ரோஜர்’ (சொன்னது கிடைத்தது) என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும் பழக்கம். ஓடுபாதை எண், உயரம், திசை, தரையிறங்கும் அனுமதி ஆகியவற்றை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கோபுரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் போனில் மளிகைச் சாமான் சொன்னால், கடை அண்ணாச்சி “துவரம்பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், சரிதானா?” என்று வாசித்துக் காட்டுவாரே, அதே வேலைதான். விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கும் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம், நீருக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. மிகத் தாழ்ந்த அந்த அலைவரிசையில் நீர்மூழ்கியால் பதில் பேச முடியாது. விமானிக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அடுத்த தவறு, ரேடியோ ஓய்ந்து கிடந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. 2017 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடாவின் ஏ320 விமானம் ஒன்றுக்கு இறங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகியிருக்காதோ என்ற சந்தேகம் வரவே, மறுபடி மேலே ஏறச் சொல்லிக் கோபுரம் ஆறு முறை கூப்பிட்டது. பதிலே இல்லை. சிவப்பு விளக்கும் அடித்துப் பார்த்தார்கள். விமானம் இறங்கியேவிட்டது. ஓடுபாதை காலியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ரேடியோவில் சிக்கல் என்றார்கள் விமானிகள். பரபரப்பான நிலையத்தில் பேச்சே கேட்கவில்லை என்றால் உடனே சந்தேகப்பட வேண்டும்: அலைவரிசை மாறியிருக்கிறதா, ஒலி குறைந்திருக்கிறதா, மைக் பொத்தான் அழுந்தியபடி சிக்கியிருக்கிறதா? கோபுரத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்ற வேண்டும், சிவப்பு சிமிட்டினால் இறங்கவே கூடாது.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2010 மே மாதம் சிங்கப்பூரில் இறங்கவிருந்த ஜெட்ஸ்டார் ஏ321 விமானத்தில் கேப்டனின் போனில் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. துணை விமானி கேட்டதற்குப் பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் கையில் போன். 500 அடியிலும் சக்கரம் இறங்கிப் பூட்டியிருக்கவில்லை. 400 அடிக்கும் கீழே போன பிறகுதான் விமானம் மேலே ஏறியது. வெறும் அரட்டைக்கும் அதே கதிதான். 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் அரசியலும் பழைய கார்களைப் பற்றியும் பேசிக்கொண்டே இறங்கிய விமானம் விழுந்து 72 பேர் இறந்தார்கள். 10,000 அடிக்குக் கீழே விமானிகள் வேலைக்குத் தேவையில்லாத பேச்சு பேசக் கூடாது என்ற அமெரிக்க விதி வந்தது 1981இல்தான்.

ஆனால் கவனத்தை இழுப்பது எப்போதும் வீண்பேச்சு அல்ல, பல நேரம் நியாயமான வேலைதான். 1972 டிசம்பர் 29 அன்று மயாமியில் ஈஸ்டர்ன் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கிப் பூட்டியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. எல்லாரும் அந்தச் சின்ன பல்பின் மேல் கவனத்தை வைத்திருக்க, தானியங்கி ஓட்டம் (ஆட்டோபைலட்) உயரத்தைப் பிடித்துக்கொள்வது விட்டுப்போனதை யாரும் பார்க்கவில்லை; உயரம் குறைகிறது என்று மணி அடித்தும் காதில் விழவில்லை. ரேடாரில் 900 அடி என்று பார்த்த கட்டுப்பாட்டாளர், அங்கே எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டார். உயரத்தைக் கேட்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். ஒருவர் பல்பைப் பார்த்தால் மற்றவர் விமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும். தரையில் இருப்பவரும் நாசூக்குப் பார்க்காமல் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ரேடியோவே இடைஞ்சலாவதும் உண்டு. 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே, எஞ்சின் கோளாறோடு இறங்க வந்த விமானத்தில் நடந்ததை மறுபடி யோசித்துப் பார்க்கத் தொடங்கினார் கேப்டன். நடுவில் ரேடியோ அழைப்பு வர, அந்த யோசனை அறுந்துபோனது. நல்ல எஞ்சினைத்தான் நிறுத்தியிருந்தார்கள். 47 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஸ்டாண்ட்பை’ என்று கோபுரத்தைக் காக்க வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த விமானத்தில் இடது எஞ்சினில் தீயைப் பயணிகள் சிலர் பார்த்திருந்தார்கள். கேப்டன் வலது எஞ்சின் என்று அறிவித்ததைக் கேட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை. இறங்கும் நேரத்தில் தண்ணீர் கேட்டு மணி அடிக்காதீர்கள், போனை விமானப் பயன்முறையில் வையுங்கள், சரி. ஆனால் இறக்கையில் புகையோ தீயோ தெரிந்தால், “அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்” என்று உட்கார்ந்திருக்காமல் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.