அடிக்கு அடி வெட்ட வேண்டாம்: கானாப் பாட்டுக்குப் படம் எடுக்கும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஏரியாப் பையன்கள் பாடும் கானாவுக்கு வீடியோ எடிட் செய்து தர ஆரம்பித்தது அப்புறம்தான். முதலில் கைக்கு வந்தது ஒரு மரண கானா. விபத்தில் போய்விட்ட நண்பனுக்காக நான்கு பேர் சேர்ந்து பாடியது. கானாவின் தாள வாத்தியமான சட்டியில் அடி விழும் இடமெல்லாம் ஒரு கட், நடுநடுவே வெள்ளை ஃப்ளாஷ், போட்டோ சுழன்று சுழன்று வருவது என்று எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கினேன். பதினாறாம் நாள் காரியத்தன்று வீட்டு டிவியில் போட்டார்கள். பையனின் அம்மா கடைசிவரை பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, என் புள்ள மூஞ்சிய ஒரு நிமிசம் பாக்க உடமாட்டேன்ற?" என்று கேட்டார்.

படம் பாட்டின் தாளத்தோடு சரியாகத்தான் ஓடியது. பாட்டின் துக்கத்தோடு அது சேரவே இல்லை. இரண்டும் எப்படிச் சேரும் என்று அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, இப்போது புதிதாக வீடியோ எடுக்க வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நல்ல ஃபோன் ஒன்று, ட்ரைபாட், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் போதும்.

கேமராவுக்கு முன்னால் காது

முதல் நாள் கேமராவைத் தொடாதீர்கள். ஹெட்போனில் பாட்டை மூன்று முறை கேளுங்கள். ஒரு முறை வரிகளுக்காக. இன்னொரு முறை தாளத்துக்காக: சட்டி எங்கே தனியாக ஒலிக்கிறது, டோலக் எங்கே வந்து சேர்கிறது, எங்கே எல்லாம் நின்று குரல் மட்டும் கேட்கிறது என்று பாருங்கள். மூன்றாவது முறை பாடுபவர் மூச்சு வாங்கும் இடங்களுக்காக. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாடுகிறவர் தன்னை மறந்து இருப்பது அந்த அரை நொடியில்தான். என் வீடியோக்களில் முகத்தை நெருக்கத்தில் காட்டும் ஷாட்டுகளில் பாதி மூச்சு வாங்கும் இடத்தில்தான் இருக்கும்.

அப்புறம் வரிகளை ஒரு தாளில் எழுதி, பாட்டிலேயே பெயர் சொல்லி வரும் பொருள்களை எல்லாம் கோடு போட்டு அடித்துவிடுங்கள். கடல் என்று பாடும்போது கடலையும், கண்ணீர் என்று பாடும்போது கண்ணையும் காட்டினால் காதுக்குக் கிடைத்ததையே கண்ணுக்கும் கொடுக்கிறீர்கள். கடலுக்குப் போன அண்ணனை நினைத்துத் தம்பி பாடும் ஒரு பாட்டுக்கு வேலை செய்தேன். கடலை ஓர் இடத்திலும் காட்டவில்லை. அந்த வீட்டில் தினம் காலண்டர் தாளைக் கிழிப்பது அண்ணன்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டோம். பல்லவி வரும்போதெல்லாம் சுவரில் அதே காலண்டர், அதே தேதி. கடைசிச் சரணத்தில் ஒரு கை வந்து பதினோரு தாளைச் சேர்த்துக் கிழிக்கிறது. கிழிபடுவது நிறுத்தியிருந்த சட்டி மறுபடி ஆரம்பிக்கும் முதல் அடியில். இப்படி ஒரு பொருள் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதைத் தேட சிறந்த வழி, பாட்டு எழுதியவரிடம் 'இது யாரைப் பற்றி' என்று கேட்டுவிட்டு அவர் பேசுவதை இடைமறிக்காமல் கேட்பது.

கேரம் காயில் ஒரு வரைபடம்

நிமிடத்துக்கு 100 தாள அடி வேகத்தில் ஓடும் நான்கு நிமிடப் பாட்டில் 400 அடி இருக்கும். நான்கு அடி ஓர் ஆவர்த்தம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று என்றால் 100 ஆவர்த்தம். எட்டு ஆவர்த்தத்துக்கு ஒரு கேரம் காய் என்று வைத்தால் ஏறக்குறைய 13 காய், ஒவ்வொன்றும் 19 நொடி. பாடும் இடத்துக்கு வெள்ளை, வாத்தியம் மட்டும் வரும் இடத்துக்கு கருப்பு, பாட்டு திரும்பும் இடத்துக்கு சிவப்பு. தரையில் வரிசையாக வைத்து மேலே நின்று பாருங்கள். பாட்டின் உருவம் தெரியும். வெள்ளைக் காய் ஆறு சேர்ந்தாற்போல வந்தால் அங்கே பார்ப்பவர் அலுத்துப்போவார், நடுவில் ஓர் இடமாற்றம் வேண்டும் என்று பாட்டைக் கேட்காமலே சொல்லிவிடலாம். சிவப்புக் காய் ஒன்றுதான் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இந்தப் பழக்கத்துக்கு எனக்கு ஊக்கம் தந்தது கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் 'ஸ்டார் கிட்டார்' வீடியோ. 2002-இல் மிஷெல் கோந்ரி இயக்கியது. ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சிதான் முழு வீடியோவும். கொஞ்ச நேரம் பார்த்தால் ஒன்று புரியும்: வெளியே கடந்துபோகும் கம்பம், கட்டடம், பாலம் ஒவ்வொன்றும் பாட்டில் ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரும்போதுதான் அந்தப் பொருளும் வரும். பிரான்ஸில் ஒரே ரயில் பாதையை வெவ்வேறு வேளைகளில் படமெடுத்து, துண்டு துண்டாகச் சேர்த்துச் செய்தது. கட் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, தாளமோ கண்ணாலேயே கேட்கும்.

நம்மிடமும் அப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒருமுறை சும்மா போய் வாருங்கள். பாட்டைக் காதில் ஓடவிட்டு, மின்கம்பம் கடக்கும் இடைவெளியைப் பாட்டின் ஆவர்த்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ரயிலிலோ நிலையத்திலோ ஷூட்டிங் என்று இறங்கினால் ரயில்வே அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். துறைமுகத்துக்கும் அப்படியே.

உதடு பாட்டோடு, உலகம் வேறு வேகத்தில்

கானாவுக்கு நான் அதிகம் பயன்படுத்தும் வித்தை இது. சாதாரண ஸ்லோ மோஷனில் பாடினால் உதடு பாட்டோடு சேராது. அதற்கு வழி, ஃபோனில் நொடிக்கு 50 ஃப்ரேம், அதாவது 50 தனித்தனிப் படம் என்று வைத்து, ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுவது. பாடுபவர் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். எடிட்டில் 25 ஃப்ரேமுக்கு இறக்கினால் உதடு அசல் பாட்டோடு கச்சிதமாக உட்காரும். ஆனால் தலைமுடி, புகை, கொடியில் காயும் துணி எல்லாம் பாதி வேகத்தில் மிதக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ கனவு மாதிரி இருக்கிறது என்பார்கள். 100 அடி வேகப் பாட்டு 200 ஆகிவிடுவதால் முழுப் பாட்டையும் இப்படி எடுக்க முடியாது. இரண்டு வரி போதும். பாடுபவரை முந்தின நாளே வீட்டில் பழகச் சொல்லுங்கள். ஷூட்டிங்கில் பழக விட்டால் வெயில் ஏறிவிடும்.

இதையே திருப்பியும் செய்யலாம். பாட்டைப் பாதி வேகத்தில் ஓட விட்டு 25 ஃப்ரேமில் எடுத்து, எடிட்டில் இரண்டு மடங்கு ஓட்டுங்கள். கல்மண்டபம் மார்க்கெட் நடுவில் ஒருவன் நின்று பாடுகிறான், கூட்டமும் வண்டியும் அவனைச் சுற்றிப் பறக்கிறது, அவன் உதடு மட்டும் நிதானமாகப் பாட்டோடு. வேலை போன ஒருவனின் பாட்டுக்கு இதைச் செய்தோம். அவன் உடம்பை அசைக்கவே கூடாது. தலை கொஞ்சம் திரும்பினாலும் பொம்மை மாதிரி வெட்டி வெட்டித் தெரியும்.

25, 50 என்று நான் சொல்வதற்குக் காரணம் நம் ஊர் கரண்ட். 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஃபோன் தானாக வைத்துக்கொள்ளும் 30 ஃப்ரேமில் எடுத்தால் சில சமயம் படத்தில் கருப்புப் பட்டை ஓடும். 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்கு, 50 ஃப்ரேமுக்கு 100-இல் ஒரு பங்கு என்று கையால் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வெளிச்சம், இடம், நிறம்

நம் கடல் கிழக்கே. அதனால் காசிமேட்டில் சூரியன் தண்ணீரிலிருந்து எழும். அந்த அரை மணி நேரத்துக்கு ஈடு எதுவுமில்லை. மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும், அப்போது அதே இடம் சப்பென்று இருக்கும். கடலைப் பார்த்து ஓடும் தெருக்களில் காலை வெயில் தெரு நெடுக நுழையும். பாடுபவரைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் தலையைச் சுற்றி ஒளிக்கோடு விழும். முகத்துக்கு ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். குறுகிய சந்துகளில் உச்சிவெயில் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற நேரம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும், சுவரின் நிறத்தையும் கொஞ்சம் கொண்டுவரும்.

பிரிவுப் பாட்டு என்றால் இன்னொன்று சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். அந்தக் காத்திருப்பை எந்த செட்டும் தராது. ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள் அழகுதான், 1856-லிருந்து நிற்கிற கட்டடம். ஆனால் பாட்டுக்கு அங்கே வேலை இருந்தால் மட்டும் போங்கள்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. வடசென்னை என்றாலே படத்தைப் பழுப்பாக்கி, அழுக்காக்கி, சாக்கடையையும் கத்தியையும் காட்டுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீடு கிளிப்பச்சை, அடுத்தது ரோஸ், அதற்கடுத்தது நீலம். பொங்கலுக்குப் பொங்கல் புதிதாக அடிப்பார்கள். கலர் கரெக்‌ஷனில் அந்த நிறத்தைக் கொல்லாதீர்கள். சோகப் பாட்டென்றால்கூட மொத்தப் படத்தையும் மங்கலாக்காமல், மங்கலான இடத்தில் போய் எடுங்கள்.

எடிட்டில்

முழுப் பாட்டையும் தூரத்தில் ஒருமுறை, இடுப்பளவில் ஒருமுறை, நெருக்கத்தில் ஒருமுறை என்று மூன்று தடவை பாட வைத்து எடுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கைதட்டல் ஒன்று இருக்கட்டும், சேர்க்க வசதி. 100 அடிப் பாட்டில், 25 ஃப்ரேம் டைம்லைனில் ஓர் அடிக்குச் சரியாக 15 ஃப்ரேம். அடியின்மேல் வெட்டாமல் ஓரிரு ஃப்ரேம் முன்னதாக வெட்டுங்கள். புதுப் படத்தைக் கண் வாங்கிக்கொள்ளவும் அடி விழவும் சரியாக இருக்கும். எல்லா அடிக்கும் வெட்ட வேண்டாம். எட்டு ஆவர்த்தம் வெட்டாமல் வைத்திருந்தால்தான் ஒன்பதாவதில் வரும் கட் உறைக்கும்.

அந்த மரண கானாவை மறுபடி உட்கார்ந்து எடிட் செய்தேன். ஃப்ளாஷ், சுழல்வது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சட்டி நின்று குரல் மட்டும் வரும் இடத்தில் அவன் போட்டோ ஒன்றை வைத்தேன். எட்டு ஆவர்த்தம், 19 நொடி, ஜூம் கிடையாது, அசைவு கிடையாது. ஃபோனில் ஏற்றி அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டார். அந்த இடம் வந்ததும் கட்டைவிரலால் தொட்டுப் படத்தை நிறுத்தினார். பாட்டு நின்றுபோனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.