ஐஈஎல்டிஎஸ் இலக்கணமும் சொற்களும்: முதல் பாடத்திலிருந்து தொடங்காமல் மீட்டல் செய்வது எப்படி?

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்தால், வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ்ஸுக்கு வகுப்பு விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படும். வகுப்புக்குப் போகிறீர்களோ இல்லையோ, வீட்டில் இருந்து தனியாகச் செய்ய வேண்டிய மீட்டல் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்காகச் செய்து தர மாட்டார்கள். பலர் என்ன செய்கிறார்கள் என்றால், தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி, சிம்பிள் பிரசன்ட்டில் தொடங்கி, பாசிவ் வொய்ஸ் வருவதற்குள் களைத்துப்போய் மூடி வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் ஆங்கிலம் படித்தவருக்கு அந்தப் புத்தகத்தில் முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும். தெரிந்ததில் எங்கே கை சறுக்குகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பரீட்சையின் புள்ளியைப் பாண்ட் என்பார்கள். பாண்ட் 6 அல்லது 6.5 எடுத்துவிட்டு 7 தேவைப்படுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் முதல் தடவை எழுதுகிறவர்களும் இதே வழியில் போகலாம். உதாரண வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டு வாசித்தால் விளங்கிவிடும். கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள்

எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம். முதல் கேள்விக்கு 150 சொற்களாவது, இரண்டாவதுக்கு 250 சொற்களாவது எழுத வேண்டும், இரண்டாவதுக்கு இரண்டு மடங்கு பெறுமதி. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விஷயங்களைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, எழுத்து கோர்வையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சமமான பங்கு. அதாவது நாம் இங்கே பேசுகிற இரண்டும் சேர்ந்தால் பாதிப் புள்ளி. பேச்சுப் பகுதியிலும் கணக்கு இதுதான்.

ஒவ்வொரு பாண்டுக்கும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இலக்கணத்துக்கான 6ஐயும் 7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 6இல் இருப்பவரும் எளிய வசனம், சிக்கலான வசனம் இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார். 7க்குப் போனால் பிழையே இல்லாத வசனங்கள் அடிக்கடி வர வேண்டும் என்று இருக்கும். இதைக் கவனிக்காமல், 6 எடுத்தவர்கள் இன்னும் நீளமான, இன்னும் முறுக்கான வசனம் எழுதப் பார்க்கிறார்கள். பிழைதான் கூடுகிறது.

2. ஒரு கட்டுரை, 40 நிமிடம், எந்த உதவியும் இல்லாமல்

நகரங்களில் பஸ்ஸும் ரயிலும் இலவசமாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் நசுங்கிப் போகிறவருக்கு இதைப் பற்றிக் கருத்து இல்லாமல் இருக்காது! பரீட்சையைக் கணினியில் எழுதப் போகிறீர்கள் என்றால் கணினியில் எழுதுங்கள், எழுத்துப் பிழை திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு. தாளில் என்றால் தாளில்.

எழுதிய கையோடு திருத்த வேண்டாம், மூளை இன்னும் அதே வசனத்தில்தான் இருக்கும். அடுத்த நாள் சிவப்புப் பேனையோடு உட்காருங்கள். முதலில் பிழை இல்லாத வசனங்களுக்கு மட்டும் கீழ்க்கோடு போடுங்கள். மிச்சம் இருப்பவற்றில் ஒவ்வொரு பிழைக்கும் ஓரத்தில் ஒரு பெயர் எழுதுங்கள்: ஆர்ட்டிக்கிள் (ஏ, ஏன், த), காலம், எஸ் விடுபட்டது, பிரிப்பொசிஷன், கமாவைப் போட்டு இரண்டு வசனத்தை ஒட்டியது, சொல் பொருந்தவில்லை. உங்களுக்கே பிழை தெரியவில்லை என்றால் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். யாரும் இல்லையென்றால் திருத்தும் செயலி ஏதாவது ஒன்றில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அது சொன்னதை ஒரு தட்டலில் ஏற்றுக்கொண்டு போய்விடாமல், ஏன் பிழை என்று கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும். சீஆர் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு வகைப் பிழைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

மூன்று நான்கு கட்டுரை எழுதிய பிறகு அந்தக் கொப்பியைப் புரட்டினால் இரண்டு மூன்று பக்கம் மட்டும் நிரம்பி வழியும், மற்றவை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். நிரம்பிய பக்கங்களை மட்டும் படித்தால் போதும்.

3. தமிழ் நம்மை இழுத்துக்கொண்டு போகும் இடங்கள்

யாருடைய கொப்பியாக இருந்தாலும் சில பக்கங்கள் நம் ஆட்களுக்குப் பொதுவாக நிரம்பும், காரணம் நாம் தமிழில் நினைப்பது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கே இழுக்கிறது என்று தெரிந்தால் சரி.

முதலாவது, ஹேட். "போன கிழமை கண்டிக்குப் போயிருந்தேன்" என்று தமிழில் சொல்வது சரியான வசனம். அதையே "ஐ ஹேட் கோன் டு கேண்டி லாஸ்ட் வீக்" என்று தனி வசனமாக எழுதினால் பிழை, "ஐ வென்ட்" என்றால் போதும். ஹேட் வர வேண்டுமென்றால் கடந்த காலத்தில் இன்னொரு புள்ளி இருந்து, அதற்கு முன்பே இது நடந்து முடிந்திருக்க வேண்டும். எழுத்துப் பகுதியின் முதல் கேள்வியில் வரைபடம் வரும்போது இது நன்றாக உதவும். இலங்கைக்கு 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், 2021இல் இரண்டு இலட்சம்கூட இல்லை. இதை எப்படி எழுதுவது? "இன் 2018, ஓவர் 2.3 மில்லியன் டூரிஸ்ட்ஸ் விசிட்டட் ஸ்ரீலங்கா. பை 2021, த ஃபிகர் ஹேட் ஃபோலன் டு அண்டர் 200,000." இரண்டாவது வசனத்தில் ஹேட்டைக் கொண்டுவந்தது "பை 2021". நேற்று, போன கிழமை, இன் 2018 என்று நாளையோ வருடத்தையோ குறித்துச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் சாதாரண இறந்தகாலம்தான். "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019" என்பதும் இதே காரணத்தால்தான் பிழை. வருடத்தை எடுத்துவிடுங்கள், அல்லது ஹேவை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆர்ட்டிக்கிள். தமிழில் "த" என்ற ஒன்று கிடையாது, அதனால் இது கடைசி வரை தொல்லை தரும். விதிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் போனால் முடியாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். எண்ணக்கூடிய ஒருமைச் சொல்லா? அப்படியென்றால் அது தனியாக நிற்காது, முன்னால் ஏ, த, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும். அடுத்தது, எதைச் சொல்கிறேன் என்று வாசிப்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் த. பொதுவாக எல்லாப் பிள்ளைகளையும் பற்றிச் சொல்லும்போது வெறும் "சில்ட்ரன்" போதும், "த சில்ட்ரன்" என்றால் எந்தப் பிள்ளைகள் என்று வாசிப்பவர் தேடுவார். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், டிராஃபிக் போன்றவற்றுக்கு ஏயும் வராது, எஸ்ஸும் வராது.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், சலிப்பாக இருக்கும், ஆனால் பலன் உண்டு. சண்டே டைம்ஸ், டெய்லி மிரர் மாதிரி ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தில் ஒரு பந்தியை எடுத்து, ஏ, ஏன், த எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுதி வையுங்கள். எங்கே விடுபட்டது என்று இடைவெளியும் விட வேண்டாம். அடுத்த நாள் நீங்களே நிரப்பி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் பத்திரிகை வாங்காவிட்டால் கொழும்பு பொது நூலகத்தில் உட்கார்ந்து இதைச் செய்யலாம்.

அப்புறம், ஐஎன்ஜியில் தொடங்கும் வசனங்கள். எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் செயலைச் செய்தவர் மாறிவிடுவார். "கெட்டிங் ஆஃப் த பஸ், த ரெய்ன் ஸ்டார்ட்டட்" என்று தயக்கமில்லாமல் எழுதுவோம். அதையே தமிழில் "பஸ்ஸை விட்டு இறங்கி, மழை தொடங்கியது" என்று சொல்லிப் பாருங்கள், இறங்கியது மழையா என்று காது உடனே கேட்கும். நம் வினையெச்சத்துக்கும் ஆங்கிலத்தின் இந்த அமைப்புக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பொது. ("மழை பெய்து பயிர் விளைந்தது" என்பதுபோல விதிவிலக்கு உண்டு, அதைத் தமிழ் வாத்தியாரிடம் விட்டுவிடுவோம்.) ஆகவே சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள், இடறினால் "வென் ஐ காட் ஆஃப் த பஸ், இட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன்" என்று மாற்றுங்கள்.

தேர்ட் கண்டிஷனல் என்று பயமுறுத்துகிறார்களே, அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. "அவன் வந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்." வந்திருந்தால் என்பது ஹேட் கம், பார்த்திருப்பேன் என்பது வுட் ஹேவ் சீன். இஃப் இருக்கும் பாதியில் வுட்டைப் போடாமல் இருந்தால் சரி, முடிந்தது.

கமா ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் டொரொண்டோ, இஸ் அன் இன்ஜினியர்" என்று இரண்டு பக்கமும் கமா போட்டால் உங்களுக்கு ஒரே ஒரு சகோதரன். கமாக்களை எடுத்துவிட்டால் வேறு சகோதரர்களும் இருக்கிறார்கள், அதில் டொரொண்டோக்காரரைச் சொல்கிறீர்கள்.

4. சொற்கள்

2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்ற பட்டியல் இருக்கிறது, அதில் 570 சொற்குடும்பங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஏயில் தொடங்கி மனப்பாடம் செய்ய வேண்டாம். பட்டியலை ஒரு தடவை ஓடி வாசித்து, பார்த்தால் விளங்குகிறது ஆனால் நான் எழுதும்போது வராது என்ற சொற்களுக்கு மட்டும் புள்ளடி போடுங்கள். உங்கள் வேலை அவற்றில்தான். அறவே தெரியாதவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு சொல்லைக் கொப்பியில் எப்படி எழுதுவது? கன்ட்ரிபியூட் என்பதை எடுப்போம். அர்த்தத்தை மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை. பின்னால் டு வரும். அந்த டுவுக்குப் பிறகு பெயர்ச்சொல் அல்லது ஐஎன்ஜி வரும், ஆகவே "கன்ட்ரிபியூட்ஸ் டு ரெடியூசிங்", "டு ரெடியூஸ்" இல்லை. பெயர்ச்சொல் கன்ட்ரிபியூஷன், அதோடு சேரும் வினை மேக். கூட வரும் சொல் சிக்னிஃபிகன்ட்லி. கடைசியாக உங்கள் சொந்த வசனம் ஒன்று: "பிரைவேட் வெஹிக்கிள்ஸ் கன்ட்ரிபியூட் சிக்னிஃபிகன்ட்லி டு ஏர் பொலூஷன் இன் கொலம்போ." அகராதி வசனத்தைப் பார்த்து எழுதினால் கணக்கில் சேராது. ஒரு நாளைக்கு இப்படி ஐந்து சொல் போதும். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து என்று திரும்பிப் பாருங்கள்.

எந்தச் சொல் எதோடு சேரும் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தமிழில் கடும் மழை, கடும் போட்டி, இரண்டுக்கும் ஒரே கடும். ஆங்கிலத்தில் மழை ஹெவி, போட்டி ஃபியர்ஸ். "பற்றி" என்பது மனதில் ஓடுவதால் "டிஸ்கஸ் அபௌட்" என்று எழுதிவிடுவோம், அபௌட் தேவையில்லை. 2022 நெருக்கடியைப் பற்றி எழுதும்போது "இகனாமிக்கல் கிரைசிஸ்" என்று வந்துவிடும். இகனாமிக்கல் என்றால் சிக்கனமானது, அது காருக்குச் சொல்வது, நெருக்கடிக்கு இகனாமிக்.

ஏராளம் என்பதற்குப் பிளெத்தோரா, மிரியட் மாதிரிப் பெரிய சொற்களைப் போட்டு ஏழு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனப்பாடம் செய்து ஒட்டிய முன்னுரையைப் பரீட்சகர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

5. அதையே வாயால் சொல்லுங்கள்

பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம். நடுப் பகுதியில் ஒரு தலைப்பைத் தந்து, யோசிக்க ஒரு நிமிடமும் கதைக்க இரண்டு நிமிடம் வரையும் தருவார்கள். போனில் பதிவு செய்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அதே சிவப்புப் பேனையால் திருத்துங்கள். உங்கள் உச்சரிப்பு இலங்கை உச்சரிப்பாக இருப்பது பிரச்சினையே இல்லை, தெளிவாக விளங்கினால் போதும். பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கிறவர்கள் கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டே நடக்கலாம், கடல் இரைச்சலில் உங்கள் பிழை பக்கத்து ஆளுக்குக் கேட்காது.

கேட்டல் பகுதியிலும் இலக்கணம் கைகொடுக்கும். இடைவெளிக்கு முன் ஏ இருந்தால் பதில் ஒருமை. பன்மையில் எஸ் விட்டால் அந்தப் பதில் பிழை.

6. பரீட்சையில் கடைசி மூன்று நான்கு நிமிடம்

முழுக் கட்டுரையையும் மேலிருந்து கீழ் வாசித்தால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். உங்கள் கொப்பியில் நிரம்பிய அந்த இரண்டு மூன்று வகைகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று என்று பாருங்கள். ஆர்ட்டிக்கிள் உங்கள் பிரச்சினை என்றால் கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி, பெயர்ச்சொற்களை மட்டும். அடுத்த சுற்றில் வினைகளின் எஸ். கணினியில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். தாளில் எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வரும் என்று வீட்டிலேயே பார்த்து வைத்திருந்தால் அங்கே எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஒரு சாதாரண சொல்லை வெட்டிவிட்டு அதைவிடப் பெரிய சொல்லைப் போடலாமா என்று தோன்றும். வேண்டாம், விட்டுவிடுங்கள்.