மாகாண சபைகளை வலுப்படுத்துவது எப்படி: நேபாளத்தை முன்வைத்துச் சில வழிமுறைகள்

2008இல் மன்னராட்சியைக் கைவிட்டுக் குடியரசான நேபாளம், 2015 செப்டம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் வழியாக ஏழு மாகாணங்களையும், மொத்தம் 550 உறுப்பினர்களைக் கொண்ட ஏழு மாகாண சபைகளையும் உருவாக்கியது. 2017இன் இறுதியில் முதல் தேர்தல் நடந்தது. 2022 நவம்பரில் இரண்டாம் தேர்தல் வந்தபோது, புதிதாக எழுந்த ராஷ்ட்ரிய சுவதந்திரக் கட்சி மாகாண சபைகளுக்கு வேட்பாளர்களையே நிறுத்தவில்லை. மாகாண அடுக்கு தேவைதானா என்ற கேள்வி அந்த அளவுக்கு வலுத்திருந்தது. அதற்கு விடையளிக்கும் கடமை சபைகளுடையது. புதிதாகத் தேர்வான உறுப்பினர்களையும், அவர்களுக்குத் துணைநிற்கும் செயலக ஊழியர்களையும் மனத்தில் கொண்டு இவ்வழிமுறைகளை எழுதுகிறேன்.

முதலில் அதிகாரக் கணக்கை எடுங்கள். அரசமைப்பின் ஆறாம் அட்டவணை மாகாணத்துக்கு மட்டுமே உரிய 21 அதிகாரங்களைப் பட்டியலிடுகிறது. ஏழாம், ஒன்பதாம் அட்டவணைகள் மற்ற அடுக்கு அரசுகளோடு மாகாணம் பகிர்ந்துகொள்ளும் பொது அதிகாரங்களைக் கூறுகின்றன. ஒவ்வோர் அதிகாரத்துக்கும் நேராக, சட்டம் இயற்றியாகிவிட்டதா, கூட்டாட்சிச் சட்டத்துக்காகக் காத்திருக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று குறியுங்கள். மாகாணக் காவல்துறை அந்தப் பட்டியலில் இருந்தும், அரசமைப்பு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் காவலர்கள் மாகாணத்திடம் ஒப்படைக்கப்படவில்லை என்பதைப் பார்த்தால், இந்தக் கணக்கு ஏன் தேவை என்பது விளங்கும். கூட்டாட்சிச் சட்டத்தோடு முரண்படும் மாகாணச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது. தகராறு எழுந்தால் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்க்கும். ஆகவே ஒவ்வொரு மசோதாவின் நோக்கவுரையிலும் அது எந்த அட்டவணையின் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதிவிடுவது நல்லது. பின்னாளில் வழக்காடும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது பணம். என் கருத்தில் இதுவே மிக முக்கியமானது. கூட்டாட்சி வரவு செலவுத் திட்டம் நேபாள நாட்காட்டியின் ஜேட் 15 அன்றும், மாகாணத்தினுடையது அசார் 1 அன்றும் தாக்கலாகின்றன. நிதியாண்டு சாவுன் 1 அன்று பிறக்கிறது. தமிழ் நாட்காட்டியில் ஏறத்தாழ வைகாசி நடுப்பகுதி, ஆனிப் பிறப்பு, ஆடிப் பிறப்பு என்று கொள்ளலாம். அதாவது, திட்டம் அவைக்கு வந்தபின் அதை ஆராயச் சபைக்குக் கிடைப்பது ஒரே மாதம். அந்த மாதத்தில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். மாசி, பங்குனியிலேயே நிதிக்குழு துறைச் செயலாளர்களை அழைத்து, சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று, எந்தப் பணி பாதியில் நிற்கிறது என்று கேட்டுவிட வேண்டும். மதிப்புக் கூட்டு வரியிலும் உள்நாட்டுக் கலால் வரியிலும் 70 விழுக்காடு மத்திய அரசுக்கும், 15 விழுக்காடு மாகாணங்களுக்கும், 15 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கும் செல்கின்றன. இதற்கு மேல் வரும் மானியங்களில் சமநிலை மானியத்தை மாகாணம் தன் விருப்பப்படி செலவிடலாம். நிபந்தனை மானியமோ காத்மாண்டிலுள்ள மத்திய அரசு குறித்துக் கொடுத்த வேலைக்கே போகும். இவ்விரண்டையும் தனித்தனிப் பக்கங்களில் அச்சிட்டுத் தருமாறு நிதியமைச்சரை வற்புறுத்துங்கள். தாம் உண்மையில் எந்தத் தொகையின்மீது முடிவெடுக்கிறோம் என்பது அப்போதுதான் உறுப்பினர்களுக்குத் தெரியவரும்.

குழுக்களைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைக் குறையுங்கள். கர்ணாலி மாகாண சபையில் 40 பேர். அமைச்சரவை மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதால் எட்டுப் பேர் வரை அமைச்சர்களாகலாம். சபாநாயகரையும் துணைச் சபாநாயகரையும் கழித்தால் எஞ்சுவோர் 30 பேர். இவர்களைப் பல குழுக்களில் பங்கிட்டால், ஒருவரே மூன்று இடங்களில் பெயருக்கு உட்கார்ந்திருப்பார். மூன்று அல்லது நான்கு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமான ஓர் ஆய்வு அலுவலர் என்பது போதும். மாகாணத் தலைநகர் வீரேந்திரநகருக்கு தொலைவிலுள்ள மலை மாவட்டங்களான ஹும்லாவிலிருந்தோ டோல்பாவிலிருந்தோ ஒருவர் வந்து முறையிடுவது எளிதன்று. எனவே ஆண்டில் சில அமர்வுகளையாவது குழு மாவட்டங்களிலேயே நடத்த வேண்டும்.

காத்மாண்டில் கூட்டணி மாறும்போதெல்லாம் மாகாண அரசுகளும் ஆட்டம் காண்கின்றன. இதைத் தடுக்கச் சபையால் முழுமையாக இயலாது. ஆனால் கூட்டணி மாறினாலும் குழுத் தலைவர் மாறமாட்டார் என்று நடைமுறை விதிகளில் எழுதிக்கொள்ள இயலும். சபாநாயகரின் நடுநிலையும் அதே விதிகளில் தெளிவாக இருக்க வேண்டும். 2023இல் 93 பேர் கொண்ட கோசி மாகாண சபையில், சபாநாயகரின் கையொப்பத்தையும் சேர்த்து 47 பேரின் ஆதரவைக் காட்டி முதலமைச்சர் நியமிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்துச் செய்தது.

550 பேரில் 220 பேர் விகிதாசார முறையில் வருகிறார்கள். ஒவ்வொரு கட்சியின் உறுப்பினர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்பதால், பெண்களில் பெரும்பாலோர் இவ்வழியில்தான் நுழைகிறார்கள். தொகுதி இல்லாதவர் என்று அவர்களை ஒதுக்குவது பெரும் தவறு. தொகுதி வேலைகளின் நெருக்கடி அவர்களுக்குக் குறைவு. குழுத் தலைமையையும் மசோதா ஆய்வையும் அவர்களிடம் ஒப்படையுங்கள்.

இறுதியாக, அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் இதற்கென அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நேபாளச் சபைகள் தனிக்குழு அமைக்காவிட்டாலும், செயலகத்தில் ஒரு பதிவேட்டைத் திறந்து, வாக்குறுதி, தேதி, பொறுப்பான துறை, நிறைவேறிய நாள் என நான்கு பத்திகளில் எழுதி, ஒவ்வொரு கூட்டத்தொடரின் முதல் நாளிலும் அதை அவையின் மேசையில் வைக்கலாம்.