விடியற்காலையில் வாய்க்காலுக்குள் இறங்கும் டிராக்டர்கள்

டெல்டாவில் ஆற்றுத் தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டால் டிராக்டர் ஓட்டுநருக்கு இரவு பகல் கிடையாது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சேறடித்தாக வேண்டும். இந்தக் குறுவையில் புதிதாக ஓட்ட வந்திருக்கும் பையன்கள், நாங்கள் அந்த வயதில் செய்த அதே கூத்துகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஆயில் பார்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் முதலாளியே சொல்லியிருப்பார். தூக்கக் கலக்கத்தில் நடப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரேக் தாழைப் போடாமல் சாலை ஏறுவது

டிராக்டரில் பிரேக்குக்கு இரண்டு பெடல்கள். இடது பெடல் இடது பின்சக்கரத்தைப் பிடிக்கும், வலது பெடல் வலது பின்சக்கரத்தைப் பிடிக்கும். வயல் மூலையில் திரும்பும்போது உள்பக்கத்துப் பெடலை மட்டும் மிதித்தால் வண்டி குறுகிய இடத்திலேயே வளைந்துவிடும். சாலைக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பூட்டச் சிறிய இரும்புத் தாழ் ஒன்று உண்டு. சேறு அப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு பையன் டிராக்டருக்குப் பின்னால் சுழன்று மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை விடிய விடிய ஓட்டினான். ஒவ்வொரு மூலையிலும் வலது பெடலை மட்டும் மிதித்து மிதித்து, கால் அதற்கே பழகிவிட்டது. வெளுக்கும் நேரத்தில், சேற்றில் புதையாமலிருக்க மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றி வரப்பில் போட்டவன், தாழை மறந்தான். டாப் கியரில் வரும்போது எதிரே ஆடு ஒன்று குறுக்கிட்டது. கால் வழக்கமான பெடலுக்கே போனது. வலது சக்கரம் நின்றது, இடது சக்கரம் ஓடியது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தும் பயனில்லை. தேநீர்க் கடையில் அத்தனை பேர் பார்த்திருக்க, வண்டி மூக்கை முன்னே விட்டு வாய்க்காலில் இறங்கியது.

பையனுக்குக் காயமில்லை. கூட்டம் ஒரே குரலில் சொன்னது: குடித்திருப்பான். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். முந்தைய நாள் காலையிலிருந்து அவனை இருக்கையை விட்டு இறங்க விடாதவர்கள் அந்தக் கூட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

இது பாதி நஷ்டம்தான். மீதியை அவமானம் இழுத்துவந்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று, தண்ணீரில் அணைந்துபோன இன்ஜினை அவன் உடனே மறுபடி ஸ்டார்ட் செய்தான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஏர் கிளீனர் வழியாக உள்ளே போன தண்ணீரில் பிஸ்டன் முட்டி, அதைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த தேநீர்போல வந்தது. ஜேசிபி வாடகை ஒருபுறம், இன்ஜின் பிரித்த செலவு மறுபுறம். அதற்குள் பக்கத்து வயல்களெல்லாம் நடவு முடிந்துவிட்டன.

தண்ணீரில் இறங்கிய வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யலாம். தாழைப் போடும் இடம் சாலை அல்ல, வயலின் கரை. வண்டியை நிறுத்தி, சேற்றை வழித்து, போட்டு, கையால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

ரோட்டவேட்டரில் புல் சுற்றினால்

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கை வையுங்கள். ரோட்டவேட்டரைச் சுழற்றும் இணைப்பான பிடிஓவை மட்டும் எடுத்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

டிரெய்லருக்கு அடியில் தூங்குவது

வேண்டாம்.

டீசல் முள்ளை நம்புவது

கரடுமுரடில் குலுங்கும் வண்டியில் அந்த முள் பெரும்பாலும் பொய் சொல்லும். இருட்டுவதற்கு முன் டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பாருங்கள். டீசல் வற்றி லைனில் காற்று புகுந்தால், ஊற்றினால் மட்டும் ஓடாது. ஃபில்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். தூக்கக் கண்ணோடு நடுவயலில் இதைச் செய்யும்போது ஸ்குருவின் செம்பு வாஷர் சேற்றில் விழுந்தால், டவுனில் கடை திறக்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.