டர்போ கம்ப்ரஸர் மேப்பைப் படிப்பதும் எஞ்சின் இழுக்கும் காற்றைக் கணக்கிடுவதும்

"இந்த எஞ்சினுக்கு எந்த டர்போ போடலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இது 400 குதிரைத்திறன் வரை தாங்கும், தைரியமாப் போடு" என்பதுதான். அந்த 400 என்பது கம்ப்ரஸர் மேப்பின் (டர்போவில் காற்றை அமுக்கித் தள்ளும் பாகமான கம்ப்ரஸர், எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் தரும் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு புள்ளி. எஞ்சின் அங்கேயே நின்றுகொண்டு ஓடாது. 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) தொடங்கி ரெட்லைன் என்ற உச்ச வேகம் வரை அந்த மேப்பின் மேல் ஒரு பாதை போட்டுக்கொண்டே போகும். அந்தப் பாதையை நீங்களே வரைந்து பார்க்காமல் டர்போவுக்குக் காசு கொடுக்காதீர்கள். பெரிய கணக்கெல்லாம் இல்லை, போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

முதலில் மேப். கிடைமட்ட அச்சில் இருப்பது காற்றின் எடை. டர்போ தயாரிப்பாளர் கேரட் (Garrett) போடும் மேப் என்றால் நிமிடத்துக்கு எத்தனை பவுண்டு என்று இருக்கும், சிலர் விநாடிக்குக் கிலோவில் போடுவார்கள் (விநாடிக்கு 0.1 கிலோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 13.2 பவுண்டு). செங்குத்து அச்சு பிரஷர் ரேஷியோ, அதாவது கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும் அழுத்தத்தை உள்ளே போகும் அழுத்தத்தால் வகுத்தது. பூஸ்ட் கேஜ் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறிய அழுத்தமான பூஸ்டை மட்டும் காட்டும் மீட்டர்) காட்டும் எண் அது இல்லை. நடுவில் தீவு தீவாக இருப்பவை எஃபிஷியன்சி (காற்றை வீணாகச் சூடாக்காமல் எவ்வளவு திறமையாக அமுக்குகிறது என்பது) வளையங்கள், குறுக்கே வளைந்து வலப்பக்கம் இறங்குபவை கம்ப்ரஸர் சக்கரம் சுற்றும் வேகம். இடது ஓரக் கோடு சர்ஜ் (அதைத் தாண்டினால் காற்று பின்னால் திரும்பி அடிக்கும்), வலது ஓரம் சோக் (அதற்கு மேல் காற்றைத் தள்ள முடியாமல் கம்ப்ரஸர் திணறும்). எஃபிஷியன்சி 58 சதவீதத்துக்குக் கீழே விழும் இடத்தைத்தான் கேரட் சோக் என்று கணக்கில் வைக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் காரில் வந்த 4ஜி63 எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 1997 சிசி, 2 லிட்டர் என்றே வைப்போம். 7000 ஆர்பிஎம், கடல்மட்டம், 18 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு என்ற அழுத்த அலகு) பூஸ்ட்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். அதனால் 2 லிட்டர் பெருக்கல் 3500, அதாவது 7000 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்பதால் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி, அதாவது நிரம்பும் அளவு, 95 சதவீதம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 6650 லிட்டர், 6.65 கன மீட்டர். இது வெறும் இடம்தான், அந்த இடத்தில் எவ்வளவு எடை காற்று அடைபட்டிருக்கிறது என்பது மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தையும் சூட்டையும் பொறுத்தது. அழுத்தம் 18 உடன் வளிமண்டலத்தின் 14.7 சேர்த்து 32.7 பிஎஸ்ஐ, அதாவது 225.5 கிலோபாஸ்கல். இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் பாகம்) தாண்டி 60 டிகிரி செல்சியஸ், அதாவது 333 கெல்வின். 225500 பாஸ்கலை, 287 (காற்றின் வாயு மாறிலி) பெருக்கல் 333 ஆல் வகுத்தால் அடர்த்தி கன மீட்டருக்கு 2.36 கிலோ. அதை 6.65 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 15.7 கிலோ, 34.6 பவுண்டு. பெட்ரோல் எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்கு ஏறத்தாழ 10 குதிரைத்திறன் என்று சொல்வார்கள், ஆக 340, 350 பக்கம் வரும்.

பிரஷர் ரேஷியோவில்தான் பலர் சறுக்குவது. 32.7-ஐ 14.7 ஆல் வகுத்து 2.22 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இன்டர்கூலரும் குழாய்களும் 1.5 பிஎஸ்ஐ தின்றால் கம்ப்ரஸர் உண்மையில் 34.2 கொடுக்க வேண்டும், ஏர் ஃபில்டர் அரை பிஎஸ்ஐ தின்றால் அதற்குக் கிடைப்பதோ 14.2 தான். வகுத்தால் 2.41. மேப்பில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

அடுத்து, 60 டிகிரி என்று நாமாகச் சொன்னோமே, அது நடக்குமா? அமுக்கினால் காற்று எவ்வளவு சூடாகும் என்று பார்க்க, ரேஷியோ 2.41-ஐ 0.286 (காற்றுக்கு உரிய அடுக்கு) அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் 0.286 (இரண்டும் ஒரே எண்ணாக வருவது தற்செயல்). உள்ளே போகும் காற்று 35 டிகிரி என்றால் 308 கெல்வின். பெருக்கி, எஃபிஷியன்சி 75 சதவீதத்தால் வகுத்தால் சூடு 117 டிகிரி ஏறுகிறது, வெளியே வருவது 152 டிகிரி. அதை 60-க்கு இறக்க இன்டர்கூலர், ஏறிய சூட்டில் 79 சதவீதத்தை எடுக்க வேண்டும், நல்ல இன்டர்கூலர் என்றால் முடியும். இதே புள்ளி 65 சதவீத வளையத்தில் விழுந்தால் 170 டிகிரி, அப்போது 60 என்பதை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியதுதான்.

இதே வேலையை 3000 ஆர்பிஎம்முக்கும் செய்யுங்கள். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 85 சதவீதம், அதே 18 பிஎஸ்ஐ என்றால் சுமார் 13.3 பவுண்டு. காற்று குறைவு என்பதால் ஃபில்டர், இன்டர்கூலர் இழப்பும் சுருங்கி ரேஷியோ 2.25 பக்கம் நிற்கும். இந்தப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடப்பக்கம் விழுந்தால் டர்போ உங்களுக்குப் பெரிது: காற்று சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் அடிக்கும், பேரிங் அடிவாங்கும். ஒரு விஷயம், கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தாலும் 3000-இல் அந்த பூஸ்ட் கிடைத்துவிடும் என்று அர்த்தமில்லை. அது டர்பைன் (புகைப்போக்கி வாயுவில் சுற்றி கம்ப்ரஸரை ஓட்டும் பாகம்) பக்கத்துச் சமாச்சாரம், கம்ப்ரஸர் மேப் அதைப் பற்றி வாயே திறக்காது.

திராட்டிலைப் பட்டென்று விட்டால் காற்று நின்றுபோகும், அழுத்தம் அப்படியே இருக்கும், புள்ளி நேராக இடப்பக்கம் ஓடிச் சர்ஜுக்குள் விழும். அந்தப் படபட சத்தத்தை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும், ப்ளோ ஆஃப் வால்வ் (தேங்கிய காற்றை வெளியே விடும் வால்வு) இருப்பதே இதைத் தடுக்கத்தான்.

கடைசியாகத் திருத்தம். மேப் ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கு வரையப்பட்டது, கேரட்டுக்கு அது 302.8 கெல்வின், 13.95 பிஎஸ்ஐ. நீங்கள் கண்ட பவுண்டை, உள்ளே போகும் வெப்பநிலையை 302.8 ஆல் வகுத்த வர்க்கமூலத்தால் பெருக்கி, உள்ளே போகும் அழுத்தத்தை 13.95 ஆல் வகுத்ததால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் 34.6 என்பது 34.3 ஆகிறது, கடல்மட்டத்தில் இதை விட்டுவிட்டாலும் பெரிதாகக் கெடாது. ஆனால் அதே காரை ஊட்டிக்கு ஏற்றினால்? 2240 மீட்டரில் காற்றழுத்தம் 11.2 பிஎஸ்ஐ, ஃபில்டர் போக 10.7. அதே 18 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ரேஷியோ 2.87, எஞ்சினுக்குள் போகும் காற்று 30.9 பவுண்டாகக் குறைகிறது, ஆனால் 20 டிகிரிக் குளிரில் மேப்பில் குறிக்க வேண்டிய எண் 39.6! எஞ்சினுக்குக் கிடைப்பது குறைகிறது, டர்போவோ மேலேயும் வலப்பக்கமும் தள்ளப்பட்டு இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பூஸ்ட் கேஜ் காட்டும் அழுத்தத்தை விட்டுவிட்டு மேனிஃபோல்டின் முழு அழுத்தமான 32.7-ஐப் பிடிக்கப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: ரேஷியோ 3.2, ஓட்டம் 44 பவுண்டுக்கு மேல். கீழே சோக்கிலிருந்து வசதியாகத் தள்ளி இருந்த டர்போ இங்கே கடைசி வேகக் கோட்டையே தாண்டியிருக்கலாம், அதனால் மலை ஏறும் கார் என்றால் உயரத்துக்கு ஏற்ப பூஸ்டைக் குறைக்கும் டேபிளை, ஈசியூவை அமைத்துத் தரும் ட்யூனரிடம் கேட்டு வாங்குங்கள்.